இமாம் மறுக்கலாம், பத்திரிகைக்காரர் மறுக்க முடியாது: எகிப்தில் மதமும் ஊடகமும் அரசும்

2017 ஜனவரி 24. எகிப்தில் காவலர் தின விழா. அதிபர் அப்துல் ஃபத்தாஹ் அல்-சிசி பேசிக்கொண்டிருக்கிறார். நாட்டு நிலவரத்தில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு, குடும்பப் பிரச்சினைக்குத் திரும்புகிறது. ஆண்டுக்கு 9 லட்சம் கல்யாணங்கள் நடக்கின்றன, அதில் 40 சதவீதம் ஐந்தாண்டுக்குள் முறிந்துவிடுகின்றன என்று தனக்குத் தரப்பட்ட கணக்கைச் சொல்கிறார். கணவன் கோபத்தில் வாயால் சொல்லும் தலாக் செல்லாது, பதிவாளர் முன்னால் சொன்னால்தான் செல்லும் என்று சட்டம் கொண்டுவந்தால் என்ன என்று கேட்கிறார். அப்புறம், அரங்கில் உட்கார்ந்திருந்த, கெய்ரோவின் அல்-அஸ்ஹர் மதக் கல்விப் பீடத்தின் தலைமை இமாம் அஹ்மத் அத்-தய்யிபைப் பார்த்துச் சொல்கிறார்: "என்னை அலுத்துப்போக வைத்துவிட்டீர்கள், இமாம் அவர்களே."

பன்னிரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 5 அன்று, அல்-அஸ்ஹரின் மூத்த அறிஞர்கள் அவை ஒருமனதாகப் பதில் சொன்னது. முறைப்படி வாயால் சொன்ன தலாக் செல்லும், நபிகள் நாயகத்தின் காலத்திலிருந்து இதுதான் நிலை, மாற்ற முடியாது. அதிபரின் யோசனை அத்தோடு நின்றது.

இங்கேதான் வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குழப்பம் வருகிறது. இதே எகிப்தில்தான் செய்தியாளர்கள் சிறையில் கிடந்தார்கள். இதே ஆட்சியில்தான் நூற்றுக்கணக்கான இணையதளங்கள் முடக்கப்பட்டன. அதிபரைக் கிண்டல் செய்த டிவி நிகழ்ச்சி காணாமல் போனது. அப்படியிருக்க, அரசுச் சம்பளம் வாங்கும் ஒரு மதத் தலைவர் அதிபருக்கு எப்படி 'முடியாது' என்று சொல்ல முடிந்தது? அப்படியானால் அல்-அஸ்ஹர் சுதந்திரமான அமைப்பா? 'அரபு நாடுகளில் மதம் அரசை ஆட்டிவைக்கிறது' என்கிறார்களே, அதுதானா இது? இல்லை. நியமிப்பது யார், சம்பளம் கொடுப்பது யார், வெளியே அனுப்ப முடிவது யாரால் என்ற மூன்று கேள்விகளை இமாமிடமும் கேட்டு, பத்திரிகை ஆசிரியரிடமும் கேட்டால் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். எகிப்தில் மூன்றாவது கேள்விக்கு மட்டும் இருவரின் பதிலும் வேறு.

முதலில் யார் யார்?

செய்திகளில் இமாம், முஃப்தி, ஷெய்கு, உலமா என்று எல்லாப் பெயர்களும் கலந்து வரும். எகிப்தில் இவை தனித்தனி நாற்காலிகள்.

1. ஷெய்குல் அஸ்ஹர். கெய்ரோவில் சுமார் 970இல் ஃபாத்திமிய ஆட்சியாளர்கள் கட்டத் தொடங்கிய அல்-அஸ்ஹர் பள்ளிவாசலையும், அதைச் சுற்றி வளர்ந்த பல்கலைக்கழகத்தையும், நாடு முழுக்க உள்ள பள்ளிக்கூடங்களையும் நிர்வகிக்கும் அமைப்பின் தலைவர். 'பெரிய இமாம்', தலைமை இமாம் என்பார்கள்; தய்யிப் உட்கார்ந்திருப்பது இந்த நாற்காலியில். சுன்னி முஸ்லிம் உலகின் மிக மதிப்புள்ள கல்விப் பீடம் இது. வேடிக்கை என்னவென்றால், கட்டியவர்கள் ஷியாக்கள். இவர் போப் மாதிரி அல்ல. இவர் சொல்வது உலக முஸ்லிம்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இவர் எதிர்த்தால் எகிப்தில் ஒரு குடும்பச் சட்டத்தை நகர்த்துவது கடினம்.

2. தலைமை முஃப்தி. ஃபத்வா என்றால் மார்க்கத் தீர்ப்பு என்றே நம் பத்திரிகைகள் எழுதுகின்றன. உண்மையில் அது கேள்வி கேட்டவருக்கு ஆலிம், அதாவது மார்க்க அறிஞர், சொல்லும் கருத்து; தீர்ப்பு அல்ல. அந்தக் கருத்தைச் சொல்ல அரசு 1895இல் வைத்த அலுவலகம் தாருல் இஃப்தா. தலைமை முஃப்தி அதன் தலைவர். பிறை அறிவிப்பது இவர் வேலை. தமிழ்நாட்டில் அரசு தலைமை காஜி அறிவிப்பாரே, அதைப் போல. இன்னொரு கனமான வேலையும் உண்டு. மரண தண்டனை விதிக்கும் முன் நீதிமன்றம் வழக்குக் கட்டை இவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். அந்தக் கருத்து நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. 2014இல் மின்யா நகர நீதிமன்றம் ஒரே வழக்கில் 529 பேரின் பெயரை முஃப்திக்கு அனுப்பியபோது உலகமே இந்தச் சடங்கைக் கவனித்தது.

3. வக்ஃபு அமைச்சர். அமைச்சரவையில் ஒருவர். பள்ளிவாசல்கள், அவற்றின் சொத்து, இமாம்களின் நியமனம், சம்பளம், வெள்ளிக்கிழமைத் தொழுகையில் இமாம் ஆற்றும் குத்பா உரையின் தலைப்பு எல்லாம் இவர் கையில்.

4. டிவி ஆலிம்கள். பதவி ஏதும் இல்லை, பார்வையாளர்கள் மட்டும் உண்டு. 1990களின் கடைசியிலிருந்து இவர்கள்தான் மேலே சொன்ன மூவருக்கும் தலைவலி.

முதல் மூவருமே அரசுக் கஜானாவில் சம்பளம் வாங்குகிறவர்கள். ஆனாலும் ஒருவரோடு ஒருவருக்கு ஆகாது. 'எகிப்தின் மதத் தலைமை இப்படிச் சொன்னது' என்று செய்தி வந்தால், மூன்று நாற்காலிகளில் எது சொன்னது என்று பார்ப்பது நல்லது.

பத்திரிகையும் பள்ளிவாசலும் ஒரே கைக்கு வந்த கதை

முன்பெல்லாம் அல்-அஸ்ஹரின் பலம் வக்ஃபு. நிலமும் கடையும் எழுதி வைத்துவிட்டுப் போனவர்களின் வருமானத்தில் ஆலிம்கள் பாடம் நடத்தினார்கள். மாணவர்களுக்கு ரொட்டி கிடைத்தது. சுல்தானிடம் கையேந்த வேண்டிய அவசியம் குறைவு. 1952இல் மன்னராட்சியைக் கவிழ்த்த ராணுவ அதிகாரிகள் அந்த வேரைத்தான் முதலில் அறுத்தார்கள். அதே ஆண்டு குடும்ப வக்ஃபுகள் ஒழிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அறக்கட்டளை வக்ஃபுகள் அமைச்சகத்தின் கைக்குப் போயின. சொத்து போனதும் சம்பளம் வந்தது. சம்பளத்தோடு கட்டளையும் வந்தது.

1960 மே மாதம் அதிபர் கமால் அப்துல் நாசர் பத்திரிகைகளை அரசுடைமையாக்கினார். 1875இல் லெபனானிலிருந்து வந்த தக்லா சகோதரர்கள் தொடங்கிய 'அல்-அஹ்ராம்' உட்பட எல்லாப் பெரிய பத்திரிகை நிறுவனங்களும் அன்றைய ஒரே அரசியல் அமைப்பின் சொத்தாயின. அதே ஆண்டு ஜூலையில் அரசுத் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. நைல் நதிக்கரையில் அதன் வட்ட வடிவக் கட்டடம் இருக்கும் இடத்தின் பெயர் மாஸ்பெரோ. இன்றைக்கும் எகிப்தியர் 'மாஸ்பெரோ' என்றால் அரசு டிவி என்றே பொருள்.

அடுத்த ஆண்டு, 1961இல், அல்-அஸ்ஹரின் முறை. 103ஆம் எண் சட்டம் வந்தது. மருத்துவம், பொறியியல் எல்லாம் பல்கலைக்கழகத்தில் சேர்க்கப்பட்டன. அது பார்வைக்கு நவீனமாக்கல். அதே சட்டம் மூத்த அறிஞர்கள் அவையைக் கலைத்தது. ஷெய்கை நியமிக்கும் அதிகாரத்தை அதிபரிடம் கொடுத்தது. அச்சகமும், பள்ளிவாசலின் பேச்சு மேடையான மிம்பரும் ஓராண்டு இடைவெளியில் ஒரே ஆளின் கைக்கு வந்தது தற்செயல் என்று நம்புவது கஷ்டம். மக்கள் எதைப் படிக்கிறார்கள், வெள்ளிக்கிழமை எதைக் கேட்கிறார்கள் என்ற இரண்டையும் பிடித்துவிட்டால் போதும் என்பதுதான் நாசரின் கணக்கு.

சீர்திருத்தம் தலைப்பாகை கட்டிக்கொண்டு வரும்

இப்படி ஒரு ஏற்பாட்டில் சட்டம் மாற்ற விரும்பும் ஆட்சியாளர் என்ன செய்வார்? நாடாளுமன்றத்தில் விவாதம் நடத்தி மக்களை இணங்கவைக்கும் பழக்கம் இல்லை. ஒரு ஷெய்கின் தலையாட்டலைத் தேடுவார்.

1979இல் அதிபர் அன்வர் சதாத், நாடாளுமன்றம் கூடாத நேரம் பார்த்து, குடும்பச் சட்டத்தை அவசர ஆணையால் திருத்தினார். கணவன் இன்னொரு கல்யாணம் செய்தால் முதல் மனைவி மணவிலக்குக் கேட்கலாம், குழந்தைகளை வளர்க்கும் மனைவிக்கு வீடு உண்டு என்றெல்லாம் அதில் இருந்தது. பெண்களுக்கு நல்ல சட்டம்தான். ஆனால் ஊர் அதற்கு வைத்த பெயர் 'ஜிஹான் சட்டம்'. ஜிஹான், சதாத்தின் மனைவி. ஒரு உரிமையை அரண்மனைப் பரிசாகக் கொடுத்தால், அரண்மனை மேல் உள்ள வெறுப்பு எல்லாம் அந்த உரிமையின் மேலும் விழும். 1985இல் உச்ச அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உள்ளடக்கத்துக்காக அல்ல; அவசர ஆணைக்கு அவசரம் எதுவும் இல்லை என்பதற்காக. இரண்டே மாதத்தில் கொஞ்சம் நீர்த்த வடிவத்தில் 100ஆம் எண் சட்டம் வந்தது.

2000ஆம் ஆண்டின் குலா சட்டம் நேர்த்தியாகச் செய்யப்பட்டது. மனைவி, கல்யாணத்தில் கணவன் கொடுத்த மஹரைத் திருப்பிக் கொடுத்து, மற்ற பண உரிமைகளை விட்டுக்கொடுத்தால், கணவன் சம்மதம் இல்லாமலே நீதிமன்றம் மணவிலக்குத் தரும். இதற்கு ஆதாரம் காட்டப்பட்டது நபிகள் காலத்தைப் பற்றிய ஒரு பழைய ஹதீஸ்: தாபித் இப்னு கைஸ் என்ற தோழரின் மனைவி, கணவர் கொடுத்த தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிரிந்த நிகழ்ச்சி. அன்றைய ஷெய்கு முஹம்மது சையித் தன்தாவி ஆதரித்தார். அல்-அஸ்ஹருக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தும் சட்டம் நின்றது, இன்றும் நிற்கிறது.

இந்தத் தலையாட்டலுக்கு மறுபக்கமும் உண்டு. 2007இல் அன்றைய அதிபர் முபாரக்கின் உடல்நிலை பற்றி வதந்தி கிளம்பியது. அதைப் பற்றி எழுதிய ஆசிரியர் இப்ராஹீம் ஈசா மீது வழக்குப் போட்டார்கள். அந்த அக்டோபரில், ரமலானின் கடைசிப் பத்து நாள்களில், அதே தன்தாவி பொய்ச் செய்தி பரப்புவோருக்கு 80 கசையடி என்று பேசினார். கற்புள்ள பெண் மேல் அவதூறு சொல்பவனுக்குக் குர்ஆன் சொல்லும் தண்டனை அது. அதைத் தூக்கி அதிபரின் உடல்நிலையை எழுதுபவர்களின் பக்கம் வைத்தார். செய்தியாளர்கள் கொதித்தார்கள். ஏழாண்டுக்கு முன் பெண்களுக்கு உதவிய அதே வாய் இது. அந்த வாய் எப்போதும் ஒரே திசையைப் பார்த்துத்தான் பேசியது.

டிஷ் ஆண்டெனா வந்த பிறகு

1996 நவம்பர் 1 அன்று கத்தாரில் அல் ஜஸீரா தொடங்கியது. அந்த ஆண்டு ஏப்ரலில் மூடப்பட்ட பிபிசியின் அரபு டிவியிலிருந்து வந்தவர்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். தோஹாவில் அதன் அலுவலகத்தைப் பார்த்த முபாரக், இந்தத் தீப்பெட்டியிலிருந்தா இவ்வளவு சத்தம் என்று கேட்டதாகச் சொல்வார்கள்.

சத்தத்தில் ஒரு பங்கு மார்க்கச் சத்தம். 'ஷரீஅத்தும் வாழ்க்கையும்' என்ற வாராந்திர நிகழ்ச்சியில் யூசுஃப் அல்-கர்ளாவி பேசினார். எகிப்துக்காரர், அல்-அஸ்ஹரில் படித்தவர், எகிப்தின் இஸ்லாமிய அரசியல் அமைப்பான முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தோடு நெருக்கமானவர், 1961 முதல் கத்தாரில் வாழ்ந்தவர். நியமனக் கடிதம் எதுவும் இல்லாமலே, ஷெய்குல் அஸ்ஹரைவிட அதிகம் பேர் இவரைக் கேட்டார்கள். பேச்சாளரை நாடு கடத்தினால் பேச்சும் போய்விடும் என்ற பழைய கணக்கு உடைந்தது. ஆனால் அல் ஜஸீரா கத்தார் அரசுப் பணத்தில் நடப்பது. கெய்ரோவில் நடக்கும் அநியாயம் அதில் தெரிந்த அளவு தோஹாவில் நடப்பது தெரிந்ததில்லை.

உள்நாட்டிலும் தனியார் சானல்கள் வந்தன: 2001இல் ட்ரீம், 2009இல் தொழிலதிபர் நகீப் சாவிரிஸின் ஓன் டிவி. உரிமையாளர்கள் எல்லாம் அரசு ஒப்பந்தங்களை நம்பித் தொழில் செய்கிறவர்கள். பேசும் இடம் பெரிதானது; அந்த இடத்தின் சாவி மட்டும் வியாபாரியின் பையில் இருந்தது.

யாரும் கவனிக்காத ஒரு சட்டம்

2011 ஜனவரி 25 அன்று தொடங்கிய போராட்டம் பிப்ரவரி 11 அன்று முபாரக்கை வெளியேற்றியது. இடையில் ஐந்து நாள் நாட்டின் இணையத்தையே துண்டித்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. பிப்ரவரி 18 அன்று தஹ்ரீர் சதுக்கத்தில் கர்ளாவி ஜும்ஆ தொழுகை நடத்தினார். இதெல்லாம் தெரிந்த கதை.

இந்தக் கட்டுரைக்கு முக்கியமான நாள் வேறு. 2012 ஜனவரி. தேர்தலில் இஸ்லாமியக் கட்சிகள் பெரும்பான்மை பெற்றுவிட்டன. 23ஆம் தேதி நாடாளுமன்றம் கூட வேண்டும். அதற்குச் சற்று முன்னால், ஆட்சியில் இருந்த ராணுவக் குழு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி ஆணை போட்டது. நாசர் கலைத்த மூத்த அறிஞர்கள் அவை திரும்ப வந்தது. இனி ஷெய்கை அந்த அவைதான் தேர்ந்தெடுக்கும். அவையின் முதல் உறுப்பினர்களை அன்றைய ஷெய்கு தய்யிபே தேர்ந்தெடுப்பார்.

தய்யிப் யார்? லக்ஸர் அருகே குர்னா ஊர்க்காரர், பாரிஸில் படித்தவர், 2010 மார்ச்சில் முபாரக் நியமித்தவர். முபாரக்கின் கட்சியில் பொறுப்பில் இருந்தவரும்கூட. ராணுவத்தின் நோக்கம் புரிகிறது. அடுத்து வரும் சகோதரத்துவ ஆட்சி தன் ஆளை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிடக் கூடாது. அதற்காகப் பூட்டினார்கள். பூட்டு வேலை செய்தது. ஒரு சங்கடம் மட்டும் உண்டு: பூட்டுக்கு ஆள் பார்த்துத் திறக்கத் தெரியாது. நாளைக்கு ராணுவமே ஆட்சிக்கு வந்தாலும் பூட்டு பூட்டாகத்தான் இருக்கும்.

பத்திரிகைக்கு அப்படி ஒரு பூட்டு யாரும் போடவில்லை. அரசுப் பத்திரிகைகளின் ஆசிரியர்களை நியமிக்கும் அதிகாரம் நாடாளுமன்ற மேலவையான ஷூரா மன்றத்திடம் அப்படியே இருந்தது. 2012 ஆகஸ்டில் சகோதரத்துவப் பெரும்பான்மையோடு அந்த மன்றம் புதிய ஆசிரியர்களை நியமித்தபோது, சில பத்திரிகையாளர்கள் தங்கள் பத்தியை வெற்றிடமாக விட்டு அச்சிட்டார்கள். எதிர்ப்பைக் காட்ட அவர்களிடம் இருந்தது அந்த வெள்ளைத்தாள் மட்டும்தான்.

ஒரு டிவி காட்சி

2013 ஜூலை 3 இரவு. மாஸ்பெரோ நேரலை. மேடை நடுவில் ராணுவச் சீருடையில் சிசி; மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் முஹம்மது முர்சி நீக்கப்பட்டதாக அறிவிக்கிறார். இருபக்கமும் நாற்காலிகள். ஷெய்கு தய்யிப். காப்டிக் கிறிஸ்தவப் போப் இரண்டாம் தவத்ரோஸ். சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவராக இருந்தபோது நோபல் வாங்கிய முஹம்மது அல்பராதி. தாடியோடு, கடும் மரபுவாதிகளான ஸலஃபிகளின் நூர் கட்சியைச் சேர்ந்த ஜலால் முர்ரா. முர்சி விலகக் கோரிக் கையெழுத்து இயக்கம் நடத்திய இளைஞர்கள். எழுத்தாளர் சகீனா ஃபுவாத். ஒவ்வொருவராக எழுந்து பேசுகிறார்கள். இரண்டு தீங்குகளில் சின்னதைத் தேர்ந்தெடுப்பது மார்க்கக் கடமை என்று தய்யிப் பேசுகிறார்.

அந்தச் சட்டகத்துக்குள் தெரியாதது ஒன்று. ஒளிபரப்பு முடிந்த சற்று நேரத்தில் சகோதரத்துவ இயக்கத்தின் 'மிஸ்ர் 25', மத சானல்களான 'அல்-நாஸ்', 'அல்-ஹாஃபிஸ்' எல்லாம் திரையிலிருந்து மறைந்தன. மதத் தலைவர்களை மேடையில் ஏற்றிய அதே இரவு, வேறு மதக் குரல்களின் மின்சாரம் பிடுங்கப்பட்டது.

ஐந்து நாள் கழித்துக் குடியரசுக் காவல்படை தலைமையகம் முன்னால் 50க்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ரத்தம் சிந்துவது நிற்கும்வரை வீட்டுக்குள் ஒதுங்கியிருப்பேன் என்றார் தய்யிப். ஆகஸ்ட் 14இல் முர்சி ஆதரவாளர்கள் கூடியிருந்த ரப்ஆ சதுக்கத்தில் குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு கணக்கிட்டது. இந்த நடவடிக்கை பற்றி எனக்குத் தெரியாது என்று தய்யிப் அறிக்கை விட்டார். மேடையிலிருந்து இறங்கியும் இறங்காமலும் நின்ற நிலை அது. அதைத் தைரியம் என்றும் சொல்ல முடியவில்லை. அப்படியே தள்ளிவிடவும் முடியவில்லை.

ஒரே சாசனம், இரண்டு விதமான பிரிவுகள்

2014 அரசியல் சாசனத்தில் 7ஆம் பிரிவு: அல்-அஸ்ஹர் சுதந்திரமான அமைப்பு, ஷெய்கைப் பதவி நீக்க முடியாது, அவரை மூத்த அறிஞர்கள் அவை தேர்ந்தெடுக்கும். அதே சாசனத்தில் 71ஆம் பிரிவு தணிக்கையைத் தடை செய்கிறது. 72ஆம் பிரிவு அரசு ஊடகங்களின் சுதந்திரத்தை அரசு உறுதி செய்யும் என்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாருக்கும் சுதந்திரம். ஆனால் 7ஆம் பிரிவில் குறிப்பிட்ட ஒரு ஆளை வெளியேற்ற முடியாது என்று எழுதியிருக்கிறது. 72இல் வாக்குறுதி மட்டும் இருக்கிறது; எந்த ஆசிரியரை யார் நீக்க முடியாது என்று எங்கும் இல்லை. வித்தியாசம் போகப் போகத் தெரிந்தது.

முதலில் ஊடகம். இதய அறுவை மருத்துவராக இருந்து யூடியூபில் கிண்டல் செய்து புகழ்பெற்ற பாஸிம் யூசுஃப், முர்சி காலத்திலேயே இஸ்லாமையும் அதிபரையும் அவமதித்ததாக விசாரிக்கப்பட்டவர். சிசி காலம் வந்ததும் 2013 நவம்பரில் அவரது நிகழ்ச்சியைச் சானல் நிறுத்தியது. வேறு சானலுக்குப் போனார். 2014 ஜூனில் அதுவும் முடிந்தது. அல் ஜஸீரா ஆங்கிலச் செய்தியாளர்கள் மூவர் 2013 டிசம்பரில் கைதாகி, ஏழாண்டு, பத்தாண்டு என்று தண்டனை பெற்று, 2015இல்தான் வெளியே வந்தார்கள். 2017 மே மாதம் 21 தளங்களை முடக்குவதில் தொடங்கிய பட்டியல் பிறகு நூற்றுக்கணக்கில் நீண்டது. 2018ஆம் ஆண்டின் 180ஆம் எண் சட்டப்படி, 5000 பேருக்கு மேல் பின்தொடரும் தனிநபர் சமூக ஊடகப் பக்கமும் ஊடகமாகக் கருதப்படும்; ஒழுங்குமுறை மன்றம் அதை முடக்கலாம். அந்த மன்றத்தின் தலைவரை நியமிப்பவர் அதிபர். தனியார் சானல்களும் பத்திரிகைகளும் கைமாறி, உளவுத்துறையோடு தொடர்புள்ளதாகப் பரவலாகச் சொல்லப்படும் ஒரே குழுமத்தில் பெரும்பாலும் வந்து சேர்ந்தன. 1960இல் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டதை இந்த முறை பங்கு வாங்கி முடித்தார்கள்.

இப்போது பள்ளிவாசல். 2014இல் உரிமம் இல்லாதவர் குத்பா நிகழ்த்தினால் சிறை என்று சட்டம் வந்தது. நாடு முழுக்க ஒரே தலைப்பு. 2016 ஜூலையில் வக்ஃபு அமைச்சர் முஹம்மது முக்தார் ஜும்ஆ ஒரு படி மேலே போனார்: தலைப்பு மட்டுமல்ல, உரையையே எழுதித் தருவோம், இமாம் தாளைப் பார்த்து வாசித்தால் போதும். மூத்த அறிஞர்கள் அவை அதை வெளிப்படையாக நிராகரித்தது. தாளைப் படிக்கிற இமாமின் அறிவு மங்கிவிடும், வழிகெட்ட கருத்தோடு ஒருவன் வந்து வாதாடினால் பதில் சொல்லத் தெரியாமல் போய்விடும் என்பது அவர்கள் வாதம். ஜும்ஆவுக்குப் போகிறவர்களுக்கு இது உடனே புரியும். பேசுகிற இமாமைத்தான் ஜனம் கேட்கும். வாசிக்கிற இமாமின் முன்னால் தூங்கிவிடும்.

2017இல் ஷெய்கின் பதவிக் காலத்துக்கு வரம்பு வைக்க ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் மசோதா தயாரித்தார். அது கிடப்பில் போனது. தலாக் விவகாரத்தில் அவையின் 'முடியாது' வந்ததும் இதே ஆண்டில்தான். தய்யிபுக்கு வெளிநாட்டுப் பலமும் இருந்தது: அபுதாபியில் அமைந்த முஸ்லிம் மூத்தோர் மன்றத்துக்கு அவர் தலைவர், 2019 பிப்ரவரியில் அங்கே போப் பிரான்சிஸோடு சேர்ந்து மனித சகோதரத்துவ ஆவணத்தில் கையெழுத்திட்டார். போப்போடு படமெடுத்துக்கொண்ட ஒருவரை மாற்றுவது எந்த அதிபருக்கும் கூச்சமான வேலை.

பூட்டிய அறைக்குள் யார் சுதந்திரம்?

இவ்வளவும் படித்தவர், அல்-அஸ்ஹர் ஜனநாயகத்தின் கடைசிக் கோட்டை என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. 2015இல் இஸ்லாம் புஹைரி என்பவர் டிவியில் பழைய ஹதீஸ் நூல்களைக் கேள்வி கேட்டு ஒரு நிகழ்ச்சி நடத்தினார். அல்-அஸ்ஹர் புகார் கொடுத்தது. நிகழ்ச்சி நின்றது. மத அவமதிப்பு வழக்கில் ஓராண்டுத் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார். 2016 நவம்பரில் அதிபர் மன்னிப்பில் வெளியே வந்தார். மதச் சொல்லாடலைப் புதுப்பிக்க வேண்டும் என்று 2015 புத்தாண்டை ஒட்டிய மீலாது விழாவில் அல்-அஸ்ஹர் ஆலிம்களிடம் முழங்கியவர் அதே அதிபர். முழக்கத்தைக் கேட்டுச் செய்தவரைச் சிறை பிடித்துக்கொண்டது.

2017 நவம்பரில் ஊடக ஒழுங்குமுறை மன்றம் டிவியில் ஃபத்வா கொடுக்க அனுமதி பெற்ற 50 பேரின் பட்டியல் வெளியிட்டது. அல்-அஸ்ஹரும் தாருல் இஃப்தாவும் சேர்ந்த பட்டியல். கர்ளாவி காலத்து அனுபவத்துக்கு இதுதான் எகிப்தின் பதில்: டிவி ஆலிமுக்கும் நியமனக் கடிதம்.

இங்கே 'சீர்திருத்தம்' என்ற சொல் இடம் மாறியிருப்பதையும் கவனிக்க வேண்டும். 2011இல் தெருவில் கேட்டது அரசியல் சீர்திருத்தம்: காவல்துறை, தேர்தல், அதிபரின் பதவிக் காலம். 2015க்குப் பிறகு அதிபர் வாயில் வருவது மதச் சீர்திருத்தம். திருத்தப்பட வேண்டியது அரசு அல்ல, ஆலிம்கள் என்று ஆகிவிட்டது. அந்தப் பதவிக் காலமோ 2019இல் அரசியல் சாசனத்தைத் திருத்தி நீட்டிக்கப்பட்டது.

பக்கத்து நாட்டில் பூட்டு இல்லாதபோது

சவூதி அரேபியாவைச் சுருக்கமாகப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அங்கே 1971இல் அமைந்த மூத்த அறிஞர்கள் அவையின் உறுப்பினர்களை நியமிப்பதும் நீக்குவதும் மன்னர். 2011 மார்ச்சில் ஆர்ப்பாட்டம் மார்க்கத்துக்கு விரோதம் என்று அந்த அவை அறிவித்தது. 2017 செப்டம்பரில் பெண்கள் கார் ஓட்ட அனுமதித்த அரச ஆணை, அவையின் பெரும்பாலானவர்கள் மார்க்கத் தடை எதையும் காணவில்லை என்று குறிப்பிட்டது. பல பத்தாண்டுகளாகத் தெரிந்த தடை ஒரே இரவில் தெரியாமல் போனது. அதே செப்டம்பரில், ட்விட்டரில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பின்தொடர்ந்த ஆலிம் சல்மான் அல்-அவ்தா கைதானார். அப்போது சவூதி உறவை முறித்திருந்த கத்தாரோடு சமரசம் வரட்டும் என்று அவர் பதிவு போட்டிருந்தார்.

அங்கே நல்ல சட்டமும் வேகமாக வரும், கெட்ட கைதும் வேகமாக வரும். எகிப்தில் தலாக் பதிவு மாதிரி ஒரு நியாயமான யோசனை பல ஆண்டு சிக்கிக்கொண்டு கிடக்கிறது. எது மேல் என்று ஒரு பெண் கேட்டால் பதில் சொல்வது எளிதல்ல.

அந்தத் தலாக் என்ன ஆனது?

இந்த விவகாரத்தை நம் நாட்டு முத்தலாக் வழக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரே மூச்சில் மூன்று முறை சொன்னாலும் அது ஒரு தலாக்தான் என்று எகிப்து 1929ஆம் ஆண்டின் 25ஆம் எண் சட்டத்திலேயே முடித்துவிட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் எடுத்துக்கொண்ட கேள்வி அங்கே அப்போதே பழைய கதை. சிசி கேட்டது வேறு: ஒரு தலாக் கூட, எழுத்தில் இல்லாவிட்டால் செல்லுமா?

செல்லும் என்ற அல்-அஸ்ஹர் அறிக்கையின் பின்பாதியைப் பல செய்திகள் விட்டுவிட்டன. தலாக் சொல்லிவிட்டுப் பதிவு செய்யாதவனுக்கு ஆட்சியாளர் கடும் தண்டனை விதிக்கச் சட்டம் போடலாம் என்று அதில் இருந்தது. 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்று 1985ஆம் ஆண்டுச் சட்டமும் ஏற்கெனவே சொல்கிறது. நிக்காஹையும் தலாக்கையும் எழுதும் பதிவாளர் அங்கே 'மஅதூன்'. நம்மூர் ஜமாஅத்தில் நிக்காஹ் தப்தர், அதாவது பதிவேடு, வைத்திருப்பதைப் போல அவரிடமும் ஒரு தப்தர் உண்டு. கணவன் சமையலறையில் நின்று சொல்லிவிட்டுப் போகிறான்; மஅதூனிடம் போகவில்லை. மார்க்கப்படி அவள் மனைவி இல்லை. தப்தர்படி அவள் இன்னும் மனைவி. வேறு கல்யாணம் செய்ய முடியாது, மணவிலக்குப் பெற்றவளுக்கு உரிய பணத்தைக் கேட்க முடியாது. அவன் சொன்னான் என்பதை அவள்தான் சாட்சியோடு நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். சமையலறையில் சாட்சி இருப்பதில்லை.